செல் கவுண்ட்டர் காட்டும் எண்ணைச் சோதித்துப் பார்ப்பது எப்படி

ஐப்பசி பிறந்து மழை இறங்கிவிட்டால் எங்கள் லேபுக்கு வரும் டியூபில் பாதி காய்ச்சல் டியூப்தான். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போகும் தூரத்தில் எங்கள் லேப் இருக்கிறது. டி.எம்.எல்.டி. முடித்து இந்தத் தொழிலுக்கு வந்து இருபது வருடம் தாண்டிவிட்டது. புதிதாகச் சேரும் தம்பி தங்கைகளுக்கு வருடாவருடம் வாயால் சொல்லிக்கொடுப்பதை இந்த முறை எழுதி வைக்கிறேன்.

முதலில் நான் செய்த தவறு ஒன்று. அப்போது வேறொரு லேபில் இருந்தேன். தேவனாம்பட்டினத்திலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். இரண்டு நாள் காய்ச்சல், அதுவும் இறங்கிக்கொண்டிருந்தது. ரத்த அணுக்களை எண்ணும் மிஷினான செல் கவுண்ட்டர், ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணு ரொம்பக் குறைவாக 22,000 என்று காட்டியது. திரும்பவும் போட்டேன், 21,000. இரண்டு தடவை ஒரே மாதிரி வந்துவிட்டதே என்று ரிப்போர்ட்டைக் கொடுத்துவிட்டேன். குடும்பமே பதறிப்போய், மகளின் தோட்டை அடகு வைத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கார் பிடித்து புதுச்சேரிக்கு ஓடினார்கள். அங்கே ரத்தத்தைக் கண்ணாடி ஸ்லைடில் இழுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது பிளேட்லெட் தாராளமாக இருந்தது. எல்லாம் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் இழுத்து வைத்த ஸ்லைடு சாயம் போடாமல் என் மேஜையிலேயே கிடந்தது. பத்து நிமிட வேலை. அதைச் செய்திருந்தால் அந்தத் தோடு அடகுக்குப் போயிருக்காது. இன்றைக்கும் பிளேட்லெட் குறைந்து வரும் ஒவ்வொரு டியூபையும் கையில் எடுக்கும்போது அந்த அம்மாவின் முகம் வந்து நிற்கும்.

பெட்டிக்குள் என்ன நடக்கிறது

தவறைப் பிடிக்க வேண்டுமானால் மிஷின் எதை எண்ணுகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அது அணுக்களைக் கண்ணால் பார்ப்பதில்லை. வாலஸ் கோல்ட்டர் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்து 1953-ல் காப்புரிமை வாங்கிய முறைதான் இன்றும் நம் ஊர்ச் சின்ன லேபுகளில் ஓடுகிறது. ரத்தத்தை உப்புக் கரைசலான டைலுயன்ட்டில் பல மடங்கு நீர்க்க வைக்கிறார்கள். அந்தக் கரைசலை முடியளவு நுண்ணிய ஒரு துளை வழியாக இழுக்கிறார்கள். துளையின் இரு பக்கமும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஒரு அணு துளைக்குள் நுழையும்போது தன் பருமனுக்குத் தக்கபடி கரைசலைத் தள்ளிவிட்டு அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும். அந்தக் கணம் மின்தடை ஏறி இறங்கும். அதுதான் ஒரு துடிப்பு. எத்தனை துடிப்பு வந்தது என்பது எண்ணிக்கை. துடிப்பு எவ்வளவு உயரம் என்பது அணுவின் அளவு.

ஆக, துளை வழியாகப் போகும் எதுவும் துடிப்புதான். காற்றுக் குமிழி போனாலும் துடிப்பு, தூசி போனாலும் துடிப்பு. இருபது பிளேட்லெட் ஒட்டிக்கொண்டு ஒரே உருண்டையாகப் போனாலும் ஒரே துடிப்பு. பாடலீஸ்வரர் கோயிலில் கூட்ட நாளில் கம்பு கட்டி ஆளை ஒவ்வொருவராக விடும்போது, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு போகும் அம்மாவை ஒரு தலையாக எண்ணிவிடுவது மாதிரி. இரண்டு அணுக்கள் சேர்ந்தாற்போல் நுழைவது எப்போதுமே கொஞ்சம் நடக்கும். அதற்குக் கணக்குப் போட்டுத் திருத்திக்கொள்ள மிஷினுக்குத் தெரியும். ஒட்டிக்கொண்டு போவதை அதனால் கண்டுபிடிக்க முடியாது.

எது எந்த அணு என்று பிரிப்பதும் அளவை வைத்துத்தான். 2 முதல் 20 ஃபெம்டோலிட்டர் (அணுவின் பருமனைச் சொல்லும் மிகச் சின்ன அளவு) வரை இருந்தால் பிளேட்லெட், அதற்கு மேலே சிவப்பணு. வெள்ளையணுவை எண்ண, லைஸ் என்ற கரைசலை ஊற்றிச் சிவப்பணுக்களை உடைத்துவிட்டு மிச்சம் நிற்பதை எண்ணும். ஹீமோகுளோபினை மட்டும் எண்ணுவதில்லை. சிவப்பணு உடைந்த கரைசலில் ஒளியைப் பாய்ச்சி நிறத்தை அளக்கிறது.

எண்ணிக்கை, அளவு, நிறம் என்று மூன்றும் தனித்தனி வழியில் வருகின்றன. எனக்கு அவை மூன்று சாட்சிகள் மாதிரி. ஒரு சாட்சி பொய் சொன்னால் மற்ற இரண்டோடும் ஒத்துப்போகாது. பி.சி.வி. (ரத்தத்தில் சிவப்பணுக்கள் அடைக்கும் பங்கு), எம்.சி.எச். (ஒரு சிவப்பணுவில் இருக்கும் ஹீமோகுளோபின்), எம்.சி.எச்.சி. (சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபினின் அடர்த்தி) எல்லாம் இந்த மூன்றிலிருந்து மிஷின் கணக்குப் போட்டு எழுதுபவை. நாம் செய்யும் சோதனையில் பெரும்பகுதி இந்தச் சாட்சிகளை எதிரெதிரே நிறுத்திக் கேட்பதுதான்.

காலையில் முதல் வேலை

மிஷினைப் போட்டதும் ரத்தம் இல்லாமல் டைலுயன்ட்டை மட்டும் ஓட்டிப் பாருங்கள். எங்கள் மாடலில் வெள்ளையணு 200-க்குள், ஹீமோகுளோபின் 0.1-க்குள், பிளேட்லெட் 10,000-க்குள் வர வேண்டும். பிளேட்லெட்தான் முதலில் எகிறும். ஏனென்றால் அதுதான் ஆகச் சின்னத் துடிப்பு. குமிழி, பழைய டைலுயன்ட், கரண்டில் வரும் குறுக்கீடு எல்லாம் அந்த அளவில்தான் வந்து விழும். காலியாக ஓட்டும்போதே 15,000 காட்டும் மிஷினில் டெங்கு நோயாளியின் 20,000-ஐ எப்படி நம்புவது? டைலுயன்ட் கேன் மாற்றினாலும் இதே சோதனையை ஒரு தடவை செய்யுங்கள். குழாயில் காற்று ஏறியிருக்கும்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது. உப்புக் காற்று. எர்த் கம்பி இணைப்பு இரண்டு மூன்று வருடத்தில் பச்சை பிடித்து அரித்துவிடும். எர்த் சரியில்லை என்றால் பக்கத்தில் ஃபிரிட்ஜ் ஓடும்போதெல்லாம் பிளேட்லெட் பக்கம் பொய்த் துடிப்பு சேரும். சர்வீஸ் இன்ஜினியரைக் கூப்பிடுவதற்கு முன்னால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். எங்களுக்கு இரண்டு முறை அதிலேயே சரியாகிவிட்டது.

அப்புறம் கன்ட்ரோல், அதாவது என்ன எண் வர வேண்டும் என்று முன்பே தெரிந்த சோதனை ரத்தம். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் போடாதீர்கள். கால் மணி நேரம் வெளியில் வைத்து, உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்டி, தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்துக் கலந்த பிறகு போடுங்கள். குலுக்கினால் அணு உடையும். வரும் எண்ணை, நாள்வாரியாகக் குறிக்கும் லெவி-ஜென்னிங்ஸ் சார்ட்டில் புள்ளியாக வையுங்கள். 3 எஸ்.டி.-க்கு (எஸ்.டி. என்பது சராசரியிலிருந்து விலகும் அளவு) வெளியே ஒரு புள்ளி விழுந்தால் நோயாளி டியூப் போடக் கூடாது. 2 எஸ்.டி.-க்கு வெளியே ஒரே பக்கமாக அடுத்தடுத்து இரண்டு விழுந்தாலும் அப்படியே. இவை 1981-ல் வெஸ்ட்கார்ட் தொகுத்த விதிகளில் முக்கியமானவை. இவற்றோடு நான் எப்போதும் பார்ப்பது, புள்ளிகள் எல்லாம் எல்லைக்குள்ளேயே இருந்தாலும் பத்து நாளாக நடுக்கோட்டுக்கு ஒரே பக்கத்தில் நிற்கின்றனவா என்பது. அப்படி நின்றால் துளையில் அழுக்குப் படிகிறது, அல்லது ரீஏஜென்ட் (மிஷினுக்கு ஊற்றும் கரைசல்) மாறியிருக்கிறது.

கன்ட்ரோல் தீர்ந்துபோன நாட்களுக்கும் ஒரு வழி உண்டு. பிரையன் புல் வகுத்த முறையின் எளிய வடிவம் அது. வரிசையாக 20 நோயாளிகளின் எம்.சி.எச்.சி.-யைக் கூட்டிச் சராசரி எடுங்கள். ஒருவருக்கு ஒருவர் ஹீமோகுளோபின் எவ்வளவு மாறினாலும் இந்தச் சராசரி நாளுக்கு நாள் பெரிதாக அசையாது. 3 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் மிஷினைச் சந்தேகப்படுங்கள். ஆனால் அந்த 20 பேரும் ஒரே டயாலிசிஸ் சென்டரிலிருந்து வந்தவர்களாக இருக்கக் கூடாது. அப்படி இருந்தால் சராசரி மாறியதற்கு மிஷின் காரணமாக இருக்காது.

டியூபைப் பாருங்கள்

நான் பார்த்தவரை தப்பான ரிசல்ட்டில் பெரும்பாலானவை மிஷினுக்குள் போவதற்கு முன்பே தப்பானவை.

நரம்பு கிடைக்காமல் துழாவித் துழாவி எடுத்த ரத்தம், சிரிஞ்சிலேயே ரொம்ப நேரம் இருந்துவிட்டு டியூபுக்கு வந்த ரத்தம், இதிலெல்லாம் கட்டி இருக்கும். மூடியைத் திறந்து, ஒரு மரக்குச்சியை அடிவரை விட்டு மெதுவாகச் சுற்றி எடுங்கள். குச்சி நுனியில் கருஞ்சிவப்பாக, பாயசத்துச் சவ்வரிசி அளவுக்கு ஒன்று தொங்கினாலும் அந்த டியூப் செல்லாது. அதில் பிளேட்லெட் எல்லாம் கட்டிக்குள் போய்விட்டிருக்கும். வெளியே எண்ணக் கொஞ்சம்தான் மிச்சம். அந்தக் கட்டி துளைக்குள் போனால் துளையும் அடைத்துக்கொள்ளும். அடுத்து வரும் டியூபெல்லாம் குறைத்துக் காட்டும். அடுத்தடுத்து மூன்று பேருக்குச் சிவப்பணு குறைந்து வந்தால் மூவருக்கும் ரத்தசோகை என்று நினைக்காதீர்கள். துளையைச் சுத்தம் செய்துவிட்டு மூன்றையும் திரும்பப் போடுங்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈ.டி.டி.ஏ. மருந்து போட்ட ஊதா மூடி டியூபில் 2 மில்லி கோடு போட்டிருந்தால் 2 மில்லிதான். குழந்தைக்கு அரை மில்லிதான் கிடைத்தது என்று பெரிய டியூபில் ஊற்றினால் மருந்து அதிகமாகி அணு சுருங்கும். குழந்தைகளுக்கென்று சின்ன டியூப் இருக்கிறது, அதை வாங்கி வையுங்கள். எடுத்தவுடன் எட்டுப் பத்து தடவை மெதுவாகத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். மிஷினில் போடுவதற்கு முன்பும் திரும்பவும் கவிழ்க்க வேண்டும். ஸ்டாண்டில் நின்ற டியூபில் அணுக்கள் அடியில் இறங்கியிருக்கும். அதைக் கலக்காமல் மேலே உறிஞ்சினால் ஹீமோகுளோபின் 12 கிராம் இருக்கும் ஆள் 8 கிராம் ஆகிவிடுவார்.

ட்ரிப்ஸ் ஏறும் கையிலிருந்து எடுத்த ரத்தத்தைக் கண்டுபிடிக்கும் விதம் இது. நேற்று ஹீமோகுளோபின் 12, வெள்ளையணு 9,000, பிளேட்லெட் 1.8 லட்சம். இன்று 8, 6,000, 1.2 லட்சம். எல்லாமே சரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. எம்.சி.வி.-யும் (சிவப்பணுவின் சராசரி அளவு) எம்.சி.எச்.சி.-யும் அசையவே இல்லை. எந்த நோயும் எல்லாவற்றையும் இப்படி ஒரே தராசில் குறைக்காது, தண்ணீர்தான் குறைக்கும். குளுக்கோஸ் ட்ரிப்ஸ் என்றால் எம்.சி.வி. ஏறும். சர்க்கரையை உறிஞ்சிய அணு டைலுயன்ட்டில் விழுந்ததும் ஊதிவிடுகிறது. சர்க்கரை 500, 600 என்று இருக்கும் நோயாளியிடமும் இதே கதைதான்.

எம்.சி.வி. இன்னொரு விதத்திலும் உதவும். ஒரு ஆளின் எம்.சி.வி. இரண்டு மூன்று நாளில் 5, 6-க்கு மேல் மாறாது. ரத்தம் ஏற்றாமலே முந்தாநாள் 72, இன்று 91 என்றால் நான் முதலில் டியூபில் ஒட்டியிருக்கும் பெயரைத்தான் பார்ப்பேன். பக்கத்துக் கட்டில்காரரின் ரத்தம் மாறி வந்திருப்பதை இந்த ஒரு எண்ணை வைத்தே பல தடவை பிடித்திருக்கிறேன்.

மூன்று சாட்சிகள்

சிவப்பணுவை 3-ஆல் பெருக்கினால் ஹீமோகுளோபின் வர வேண்டும். ஹீமோகுளோபினை 3-ஆல் பெருக்கினால் பி.சி.வி. வர வேண்டும், மூன்று கூடக் குறைய இருக்கலாம். சிவப்பணு 4.2 மில்லியன், ஹீமோகுளோபின் 12.6, பி.சி.வி. 38. சரி. சிவப்பணு இயல்பான அளவிலும் நிறத்திலும் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். இரும்புச்சத்துக் குறைவிலும், பிறவி ரத்தக் குறைபாடான தலசீமியாவிலும் ஒத்துவராது. ஒத்துவராததாலேயே அது தவறு என்று ஆகாது, ஏன் என்று ஸ்லைடில் தெரிய வேண்டும்.

எல்லோருக்கும் பொருந்துவது எம்.சி.எச்.சி. இயல்பு 32 முதல் 36. ஒரு சிவப்பணுவுக்குள் அதற்கு மேல் ஹீமோகுளோபினைத் திணிக்க இடமே கிடையாது. பிறவியிலேயே அணு உருண்டையாக இருப்பவர்களுக்கு மட்டும் 37, 38 வரை போகலாம். அதனால் 40, 45 என்று பார்த்தவுடனே ஏதோ ஒரு சாட்சி பொய் சொல்கிறது என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். எது என்பதுதான் கேள்வி.

ஒரு மார்கழிக் காலையில் வந்தது இது. நுரையீரல் காய்ச்சலில் இருந்த பையனின் டியூப், ஏ.சி. காற்று நேரே விழும் மேஜையில் அரை மணி நேரம் இருந்திருக்கிறது. சிவப்பணு 1.9, ஹீமோகுளோபின் 11.4, எம்.சி.வி. 118, எம்.சி.எச்.சி. 51. எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண் சொன்னாள்: “அக்கா, ரெண்டு தடவை போட்டுட்டேன். ரெண்டு தடவையும் இதேதான் வருது.” நான் டியூபைச் சாய்த்துக் காட்டினேன். கண்ணாடிச் சுவரில் ரத்தம் வழவழவென்று இறங்காமல், செங்கல் பொடி ஒட்டினாற்போல் மணல் மணலாக இறங்கியது. குளிரில் சிவப்பணுக்களை ஒட்ட வைக்கும் ஆன்டிபாடி அது. இரண்டு மூன்று அணு சேர்ந்து ஒன்றாகப் போனதால் எண்ணிக்கை பாதியாகி, அளவு பெருத்துவிட்டது. ஆனால் நிறத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, லைஸ் ஊற்றியதும் எல்லாம் உடைந்துவிடுமே. டியூபை 37 டிகிரி வாட்டர் பாத்தில் அரை மணி நேரம் வைத்துக் கலக்கி, சூடு ஆறுவதற்குள் போட்டோம். சிவப்பணு 3.8, எம்.சி.வி. 89, எம்.சி.எச்.சி. 33.7. ஹீமோகுளோபின் அதே 11.4.

நிறம் என்ற சாட்சி பொய் சொல்லும் நேரமும் உண்டு. சிவப்பணு 4.1, எம்.சி.வி. 89, பி.சி.வி. 36.5 என்று எண்ணிக்கையும் அளவும் ஒழுங்காக இருந்து, ஹீமோகுளோபின் மட்டும் 15.8, எம்.சி.எச்.சி. 43 என்றால் டியூபைச் சுற்றிப் பாருங்கள். மேலே பிளாஸ்மா பால் மாதிரி இருக்கும். ரத்தத்தில் கொழுப்பு. ஒளி அதில் சிதறி ஹீமோகுளோபினைக் கூட்டிக் காட்டுகிறது. அந்தப் பிளாஸ்மாவை மட்டும் எடுத்து மிஷினில் போட்டால், அதில் அணுவே இல்லாவிட்டாலும் ஹீமோகுளோபின் 5.0 என்று காட்டும். ரத்தத்தில் பிளாஸ்மாவின் பங்கு 63.5 சதவீதம். ஆக 5.0-ஐ 0.635-ஆல் பெருக்கி 15.8-லிருந்து கழித்தால் 12.6. எம்.சி.எச்.சி. 34.5-க்கு இறங்கிவிடும். வெள்ளையணு லட்சத்தைத் தாண்டும் ரத்தப் புற்றுநோய் டியூபிலும் கரைசல் கலங்கி இதே தவறு வரும்.

டெங்குக் காலத்தில் பி.சி.வி.-யைக் கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு பாருங்கள். டாக்டர்கள் அதை வைத்துத்தான் ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிறதா என்று முடிவெடுக்கிறார்கள். முன்பிருந்ததைவிட 20 சதவீதம் ஏறினால் ஆபத்து. மிஷின் பி.சி.வி.-யை அளப்பதில்லை, சிவப்பணுவையும் எம்.சி.வி.-யையும் பெருக்கி எழுதுகிறது. துளை பாதி அடைத்து எண்ணிக்கை குறைந்திருந்தால், ஏறியிருக்க வேண்டிய பி.சி.வி. இயல்பாகத் தெரியும். அதை நம்பி நோயாளியை வீட்டுக்கு அனுப்பிவிட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். சந்தேகம் வந்தால் பழைய மைக்ரோ சென்ட்ரிஃபியூஜில் கேப்பிலரி டியூப் வைத்து ஐந்து நிமிடம் சுற்றி ஸ்கேலில் படியுங்கள். அணுக்களுக்கு இடையே கொஞ்சம் பிளாஸ்மா மாட்டிக்கொள்வதால் மிஷினைவிட ஒன்றிரண்டு கூடுதலாக வரும். அதற்கு மேல் வித்தியாசம் இருந்தால் மிஷினைப் பாருங்கள்.

பிளேட்லெட்

இங்கேதான் அதிகத் தவறும் அதிகப் பயமும். லட்சத்துக்குக் கீழே எந்த எண் வந்தாலும் ஸ்லைடு பார்க்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை.

மிஷின் காட்டும் படத்தைப் பாருங்கள். பிளேட்லெட் வளைவு ஏறி, இறங்கி, 20 ஃபெம்டோலிட்டருக்குள் தரையைத் தொட வேண்டும். வலது பக்கம் தரையைத் தொடாமல் தூக்கிக்கொண்டே நின்றால், பிளேட்லெட் அளவைவிடப் பெரிதான ஏதோ போயிருக்கிறது. கொத்தாக இருக்கலாம், ராட்சத பிளேட்லெட்டாக இருக்கலாம், ரொம்பச் சின்னச் சிவப்பணுவாகவும் இருக்கலாம். எம்.சி.வி. 58 இருக்கும் ஒரு கர்ப்பிணிக்குப் பிளேட்லெட் 6 லட்சம் வந்தால் அதில் எவ்வளவு நிஜப் பிளேட்லெட், எவ்வளவு குட்டிச் சிவப்பணு என்று ஸ்லைடுதான் சொல்லும். இரும்புச்சத்துக் குறைவில் பிளேட்லெட் நிஜமாகவே கூடுவதும் உண்டு என்பதால் ஊகிக்கக் கூடாது.

ஸ்லைடு இழுத்து, காற்றில் உலர்த்தி, லீஷ்மேன் சாயம் இரண்டு நிமிடம். அதன் மேலேயே இரண்டு மடங்கு பஃபர் தண்ணீர் ஊற்றி ஊதிக் கலந்து ஏழெட்டு நிமிடம். கழுவி நிற்க வையுங்கள். உலர்ந்ததும் உடனே எண்ணெய் லென்சுக்குப் போகாதீர்கள். முதலில் 10 லென்சில் ஸ்மியரின் (ஸ்லைடில் இழுத்த ரத்தப் படலம்) வால் நுனிக்குப் போங்கள். இழுக்கும்போது கனமான கொத்துகள் எல்லாம் அங்கேதான் தள்ளிக்கொண்டு போய் ஒதுங்கும், அலை ஒதுக்கிவிட்ட பாசி மாதிரி. வெளிர் ஊதாவில், பொடி பொடியாக, ஓரம் பிசிறிய திட்டுகள் தெரியும். 100 லென்சில் பார்த்தால் ஒவ்வொரு திட்டும் இருபது, முப்பது, ஐம்பது பிளேட்லெட். இதைப் பார்த்துவிட்டால் மிஷின் எண்ணைத் தூக்கிப் போட்டுவிடலாம். நடுப்பகுதியை மட்டும் பார்ப்பவர்களுக்கு இது தெரியவே தெரியாது. அங்கே பிளேட்லெட் குறைவாகத்தான் இருக்கும், மிஷினும் ஸ்லைடும் ஒத்துப்போவதாக நினைத்துவிடுவார்கள்.

கொத்து இல்லை என்றால், சிவப்பணுக்கள் ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் இருக்கும் இடத்தில் எண்ணெய் லென்சில் பத்து ஃபீல்டு எண்ணி, சராசரியை 15,000-ஆல் பெருக்குங்கள். ஃபீல்டுக்கு 2 என்றால் 30,000. தோராயம்தான். ஆனால் மிஷின் 28,000 சொல்லி ஸ்லைடும் 30,000 சொன்னால் அது நிஜம். உடனே டாக்டருக்குப் போன் செய்ய வேண்டியதுதான்.

கொத்து இருந்து, டியூபில் கட்டியும் இல்லை என்றால் பெரும்பாலும் அது ஈ.டி.டி.ஏ. செய்த வேலை. சிலரது ரத்தத்தில் ஈ.டி.டி.ஏ. பட்டதும் பிளேட்லெட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும். நோயாளிக்கு ஒரு நோயும் இல்லை, டியூபுக்குள் மட்டும் நடப்பது. நேரம் ஆக ஆகக் கூடும், எடுத்தவுடன் 1.4 லட்சம், ஒரு மணி நேரம் கழித்து 60,000 என்று இறங்கிக்கொண்டே போகும். அவரைத் திரும்ப வரவழைத்து, ஈ.டி.டி.ஏ.-வுக்குப் பதில் சிட்ரேட் என்ற உறையாமல் தடுக்கும் திரவம் இருக்கும் நீல மூடி டியூபில் எடுங்கள். அதில் 9 பங்கு ரத்தத்துக்கு 1 பங்கு திரவம் இருப்பதால் வரும் எண்ணை 1.1-ஆல் பெருக்க வேண்டும். சிட்ரேட்டிலும் ஒட்டும் ஆட்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு விரல் நுனியில் குத்தி நேரே அம்மோனியம் ஆக்சலேட் கரைசலில் விட்டுக் கையால் எண்ணுவதுதான் வழி.

இன்னொன்று. காலையில் 15,000, சாயங்காலம் 12,000 என்று வந்தால் வார்டில் அழுகையே எழும். துடிப்புகள் குறைவாக இருக்கும்போது எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் அதிகம். 100 எண்ணினால் கூடக் குறைய 10 இருக்கும். 10,000 எண்ணினால் கூடக் குறைய 100-தான், அதாவது 1 சதவீதம். பிளேட்லெட் இவ்வளவு குறைந்திருக்கும்போது 15-க்கும் 12-க்கும் உள்ள வித்தியாசம் வெறும் எண்ணும் ஏற்ற இறக்கமாகவே இருக்கலாம். இதை நான் நோயாளியோடு இருப்பவர்களிடம் நிதானமாக உட்கார வைத்துச் சொல்வேன். கேட்டுக்கொள்கிறார்கள். அதே சமயம், இரண்டு தடவை போட்டு ஒரே எண் வந்ததால் சரி என்று முடிவுகட்டுவதும் தப்பு. கொத்தாக ஒட்டியது பத்து தடவை போட்டாலும் கொத்தாகத்தான் போகும்.

வெள்ளையணு

சுருக்கமாகச் சொல்கிறேன். உட்கரு உள்ள இளம் சிவப்பணுக்களை லைஸ் முழுதாகக் கரைக்காது. அவையும் வெள்ளையணுவாக எண்ணப்படும். பச்சைக் குழந்தைகளிடமும் தலசீமியாவிலும் பார்க்கலாம். வெள்ளையணு வளைவு இடது பக்கம் தரையிலிருந்து தொடங்காமல் உயரத்திலேயே தொடங்கினால் இதையும் பிளேட்லெட் கொத்தையும் நினையுங்கள். ஸ்லைடில் 100 வெள்ளையணுவுக்கு 60 உட்கருச் சிவப்பணு என்றால், மிஷின் தந்த 24,000-ஐ 100-ஆல் பெருக்கி 160-ஆல் வகுக்க வேண்டும். 15,000. வெள்ளையணுவை அளவை வைத்து மூன்று கூட்டமாக மட்டும் பிரிக்கும் மூன்று பார்ட் மிஷினில் வரும் நடுத்தர அணு சதவீதத்தை அப்படியே மோனோசைட் என்ற ஒரே வகையாக எழுதாதீர்கள். இசினோஃபில், பேசோஃபில், பிளாஸ்ட் போன்ற வேறு வெள்ளையணுக்கள் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

சேம்பரை மறக்க வேண்டாம்

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தபோது எங்களுக்குப் பல நாள் கரண்ட் இல்லை. ஜெனரேட்டரில் மிஷினைப் போட்டால் காலி ஓட்டத்திலேயே பிளேட்லெட் 40,000 காட்டியது. அதை மூடி வைத்துவிட்டு, ஜன்னல் ஓரம் கண்ணாடி வைத்த பழைய மைக்ரோஸ்கோப்பும், அணுக்களைக் கையால் எண்ணக் கட்டம் போட்ட கண்ணாடியான நியூபார் சேம்பருமாக உட்கார்ந்தோம். பகல் வெளிச்சம் இருக்கும் வரை எண்ணுவோம்.

வெள்ளையணுவுக்கு 20 மைக்ரோலிட்டர் ரத்தம், சிவப்பணுவை உடைக்கும் டர்க் கரைசல் 380 மைக்ரோலிட்டர். இரண்டு மூன்று நிமிடம் கழித்துச் சேம்பரில் ஓட விட்டு, நான்கு மூலைக் கட்டங்களை எண்ணி 50-ஆல் பெருக்குங்கள். 132 என்றால் 6,600. கட்டத்தின் இடது கோட்டையும் மேல் கோட்டையும் தொடுவதைச் சேர்த்துக்கொண்டு, வலதையும் கீழையும் தொடுவதை விட்டுவிட வேண்டும். ஒரு மூலையில் 20, இன்னொன்றில் 50 என்று வந்தால் சரியாகப் பரவவில்லை, கழுவித் திரும்ப ஏற்றுங்கள். பிளேட்லெட்டுக்கு 1 சதவீத அம்மோனியம் ஆக்சலேட்டில் அதே 20 மடங்கு. சேம்பரை ஈரப்பஞ்சு வைத்த பெட்ரி டிஷ்ஷில் கால் மணி நேரம் மூடி வையுங்கள், அப்போதுதான் அடியில் இறங்கும். கண்டென்சரைக் கீழே இறக்கி ஒளியைக் குறைத்தால் பிளேட்லெட் சின்னச் சின்னதாகப் பளபளக்கும். நடுப் பெரிய கட்டம் முழுவதையும் எண்ணி 200-ஆல் பெருக்குங்கள். 90 என்றால் 18,000.

மாதத்துக்கு இரண்டு தடவையாவது, மிஷின் நன்றாக ஓடும் நாளில், ஒரு டியூபை இப்படிக் கையாலும் எண்ணி ஒப்பிட்டுப் பாருங்கள். பழக்கம் விட்டுப்போனால் தேவைப்படும் நாளில் கை வராது.

ரிப்போர்ட் எழுதும்போது

திருத்திய எண்ணைப் போட்டால் எப்படித் திருத்தினீர்கள் என்பதையும் கீழே எழுதுங்கள். “ஈ.டி.டி.ஏ. டியூபில் பிளேட்லெட் கொத்துகள் உள்ளன. சிட்ரேட் டியூபில் எண்ணியது 2.1 லட்சம்” என்று ஒரு வரி போதும். நோயாளியிடமும் வாயால் சொல்லுங்கள்: “அம்மா, அடுத்த தடவை எந்த ஊரில் ரத்தம் எடுத்தாலும் நீல மூடி டியூபில் எடுக்கச் சொல்லுங்க, இந்தச் சீட்டைக் காட்டுங்க.” நான் இதற்கென்று ஒரு சின்ன அட்டை அடித்து வைத்திருக்கிறேன், பர்ஸில் வைத்துக்கொள்ளும் அளவில். எண்ணில் சந்தேகம் தீரவில்லை என்றால் ஊகித்து எழுதாமல், திரும்ப ரத்தம் வேண்டும் என்று டாக்டரிடம் கேளுங்கள். கோபப்படுகிற டாக்டரும் காரணத்தைச் சொன்னால் ஒத்துக்கொள்வார்.

ராத்திரி மூடும்போது மிஷினை அப்படியே அணைக்காமல் ஷட் டவுன் சுத்தம் முடியும் வரை நில்லுங்கள். புரதம் துளையில் காய்ந்துவிட்டால் மறுநாள் காலையில் முதல் டியூபிலேயே தொல்லை தொடங்கும். அன்றைய ஸ்லைடுகளைத் துடைத்து, பெயர் எழுதி, ஒரு வாரம் வரை பெட்டியில் வைத்திருங்கள். யாராவது திரும்பி வந்து கேட்டால் எடுத்துப் பார்க்கலாம்.